கிரேன் தூக்காமல் இருந்த கதை

ஆளைப் பார்த்தால் பிசியோதெரபிஸ்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். சிகிச்சைக்கு முதல் முறை வருகிறவர்கள், பீரோ இறக்க வந்த ஆள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள். அப்புறம் அவரே வெள்ளைச் சட்டையோடு எதிரே வந்து உட்கார்ந்து, முட்டி எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்கும்போது திருதிருவென்று விழிப்பார்கள். சரி, இவ்வளவு பெரிய உடம்பு இருக்கிறதே, எழுந்திருக்க ஒரு கை கொடுப்பார் என்று பார்த்தால் அதுதான் கிடையாது. பக்கத்தில் நிற்பார். கை கிட்டத்தில் வரும், தொடாது. கல்நெஞ்சக்காரர் என்று வெளியே போய்ச் சொல்கிறவர்கள் உண்டு. கல்நெஞ்சாவது, ஒன்றாவது! அந்தக் கையைச் சும்மா வைத்திருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மனைவிக்கும் மாமனாருக்கும் கொஞ்சம் தெரியும்.

அவருக்குப் பட்டப்பெயர் கிரேன். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கிறது. அது சான்றிதழுக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குகிற வேலையில் இருந்தபோது, ஒற்றை ஆளாக ஒரு ஃப்ரிட்ஜை மூன்றாவது மாடிக்கு ஏற்றியதைப் பார்த்து லாரி டிரைவர் வைத்த பெயர் அது. மற்றவர்களுக்குத் தூக்குவது வேலை, இவருக்கு அது ருசி. தெருவில் யாராவது கனமான பையோடு போனால் போதும், கை பரபரக்கும். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்மணியை, ஏறத் தயங்குகிறார் என்று நினைத்து, பெட்டியோடு சேர்த்து அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். அந்த அம்மா என் மகனைக் கூட்டிக்கொண்டு போக அல்லவா நிற்கிறேன் என்று போட்ட சத்தத்தில் பஸ்ஸே அதிர்ந்தது. அந்த பஸ்ஸை ஓட்டிய பெண் இந்தக் கூத்தைக் கண்ணாடியில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரைத்தான் கிரேன் கல்யாணம் செய்துகொண்டார்.

ஃப்ரிட்ஜுக்கும் சோபாவுக்கும் வளைந்து கொடுத்த முதுகு, கடைசியில் ஒரு பூந்தொட்டிக்கு மடங்கியது. சின்னத் தொட்டிதான். ஒரு கையால் எடுத்துவிடலாம் என்று அலட்சியமாகக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். நான்கு பேர் சேர்ந்து கிரேனைத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் அவரை எழுப்ப வந்தது, அவரில் பாதி உயரம்கூட இல்லாத ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். அந்தப் பெண் அவரைத் தொடவே இல்லை. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள், காலைத் தொங்கப் போடச் சொன்னாள், கையை ஊன்றச் சொன்னாள். கிரேன் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

அதைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தூக்காமலே ஆளை எழுப்புகிறார்கள், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்! இந்த வயதில் ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம் என்று மனைவி சொல்லிப் பார்த்தார். முதுகே போன பிறகு காலைப் பற்றி என்ன கவலை என்று கேட்டுவிட்டு, இவர் நுழைவுத் தேர்வு எழுதினார். முட்டி மோதி, மறுபடி எழுதி, ஒருவழியாகப் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்துவிட்டார்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூட வாசனை போகாத பிள்ளைகள். துணிச்சல் உள்ளவர்கள் அண்ணா என்றார்கள், மற்றவர்கள் அங்கிள் என்றார்கள். எலும்புப் பெயர்களை அவர் மனப்பாடம் செய்த அழகை விட்டுவிடுவோம். ஆனால் தசைகளைப் படிக்கும் வகுப்பில் அவருக்கு ஏக கிராக்கி. ஒருவர் உடம்பில் ஒருவர் தடவிப் பார்த்துப் படிக்கிற வகுப்பு அது. நோஞ்சான் பிள்ளைகளிடம் தேடினாலும் கிடைக்காத தசையெல்லாம் இவர் முதுகில் தானாக எழுந்து நின்றது. பேராசிரியர் இவரைத்தான் சட்டையைக் கழற்றச் சொல்லி, மார்க்கரால் கோடு போட்டுப் பெயரும் எழுதிப் பாடம் நடத்துவார். வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே கேள்வி கேட்பார். இவருக்கு விடை தெரியாது. பாடப் புத்தகத்தையே முதுகில் சுமந்துகொண்டு இப்படி முழிக்கிற மாணவனை உலகத்தில் எங்கேயும் பார்க்க முடியாது என்பார் மனைவி.

எப்படியோ தட்டுத் தடுமாறிக் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டார். அப்போதுதான் மாமனார் குளியலறையில் விழுந்தார்.

மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு ஒன்று அந்த வேலையின் நினைவாக அலமாரியில் தொங்கியது. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மகள் வீட்டுக்கு வந்தார். தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு வாக்கரையும் கொடுத்து அனுப்பினார்கள். நம்ம ஆள் விடுவாரா? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து மறுபடி நாற்காலிக்கு, குழந்தையைப் போல அள்ளிக்கொண்டு போனார். வாக்கரில் துண்டு காய்ந்தது. மாமனாருக்குச் சொர்க்கம். வருகிறவர்களிடம் எல்லாம், "ஆயுசு பூரா மத்தவங்கள ஏத்தி இறக்கினேன், இப்ப என் முறை" என்று சொல்லிச் சிரிப்பார். மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். கிரேனுக்கும் உச்சி குளிர்ந்தது.

கடைசி வருடத்தில் செய்முறைத் தேர்வு வார்டில் நடக்கும், உண்மையான நோயாளியோடு. கிரேனுக்குக் கிடைத்தவர் பக்கவாதத்திலிருந்து மீண்டு வரும் ஒரு பெரியவர். அவரை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியவர் பாதி எழுந்தார், ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்தார். அடுத்த நொடி கிரேன் அவரை இரண்டு கையாலும் அள்ளி, கட்டிலில் படுக்க வைத்து, போர்வையையும் இழுத்துவிட்டிருந்தார். பெரியவருக்குப் பரம திருப்தி. தங்கமான பிள்ளை என்று தேர்வாளரிடமே சிபாரிசு செய்தார். மருத்துவப் பயிற்சியைக் கவனிக்கும் பேராசிரியை, எல்லோரும் மேடம் என்று அழைப்பவர், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கிரேன் ஃபெயில்.

விதி கறாரானது. பருவ முடிவில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான், பட்டமும் கிடையாது, தொழிலும் கிடையாது. பழைய வேலைக்குத் திரும்பலாம் என்றால் முதுகு ஒத்துக்கொள்ளாது. மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, வீட்டிலும் யாரையாவது தூக்குகிறாரா என்று கேட்டார். கிரேன் பெருமையாக மாமனார் கதையைச் சொன்னார். மேடம் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார்.

"இப்ப அவர் தொடை எப்படி இருக்கு? அளந்து பாத்தீங்களா?"

அன்று வீட்டுக்குப் போனதும் கிரேன் டேப்பை எடுத்து மாமனாரின் தொடையைச் சுற்றி வைத்தார். அளக்கவே தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது. சதை வற்றிப்போய்த் தோல் தொங்கியது. உபயோகிக்காத தசை என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவர் போன வருடம் முழு மார்க் வாங்கியிருந்தார். அந்த விடை இத்தனை நாளாக வீட்டிலேயே, அவர் கையிலேயே இருந்திருக்கிறது. கொல்லைப்புறம் போய் ஒரு பாட்டம் அழுதார். மாமனாரைப் பாசத்தால் முடமாக்கிக்கொண்டிருந்தோமே என்ற நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை.

வேலை முடிந்து வந்த மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கூட்டமான ரோட்டுல வண்டி ஓட்டும்போது என் கால் பிரேக் மேலயேதான் இருக்கும். ஆனா மிதிக்க மாட்டேன். மிதிச்சுக்கிட்டே இருந்தா பஸ் எப்படிங்க நகரும்? கையை எடுக்க வேணாம். கிட்ட வச்சுக்கோங்க. மிதிக்காதீங்க, அவ்வளவுதான்."

சொன்னதோடு நிற்கவில்லை, அந்த அம்மாள் ஒரு ஏற்பாடும் செய்தார். அப்பாவுக்குப் பழைய கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டார். கணவரின் உள்ளங்கை இரண்டிலும் முகப் பவுடரைக் கொட்டித் தேய்த்தார். இனிமேல் அப்பா தானாக எழுந்திருக்க வேண்டும், மருமகன் பக்கத்தில் நிற்க வேண்டும், எல்லாம் முடிந்ததும் கோட்டின் முதுகைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லப்படும். முதல் நாள் தீர்ப்பு சொல்லவே தேவையிருக்கவில்லை. பத்து விரலும் அச்சு மாறாமல் பதிந்திருந்தன. போலீஸுக்குக்கூட இவ்வளவு தெளிவாகக் கைரேகை கிடைக்காது என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

மாமனார் கொதித்துப் போனார். வயசான மனுஷனை வதைக்கிறதுக்கா யூனிவர்சிட்டிக்குப் போனார் என்று கேட்டார். மருமகனோடு நேரடிப் பேச்சை நிறுத்தினார். ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, உன் புருஷனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல் என்று மகளிடம் சொல்வார். மகள் பஸ் ஓட்டப் போயிருந்தால் சுவரிடம் சொல்வார். கிரேன் தண்ணீரைக் கொண்டுவந்து, எட்டாத தூரத்தில் மேசை மேல் வைப்பார். தாகம் தாங்காமல் மனிதர் திட்டிக்கொண்டே எழுந்து பார்த்து, முடியாமல் உட்கார்ந்து, மறுபடி திட்டிக்கொண்டே எழ முயல்வார். அந்த வாரம் கிரேன் வாங்கிய திட்டு லாரிக் கம்பெனியில் வாழ்நாள் முழுக்க வாங்கியதைவிட அதிகம். வேறு ஒரு கிரேனை அனுப்பச் சொல்லி அந்தக் கம்பெனிக்கே போன் போடப் போவதாகவும் மாமனார் மிரட்டினார்.

நாளாக ஆக, கோட்டில் விரல்கள் குறைந்தன. ஐந்தாயின, இரண்டாயின. அது மாமனாருக்குப் பொறுக்கவில்லை. திருட்டுக் கிழம் வேண்டுமென்றே சாய்ந்து ஆட ஆரம்பித்தார். பதறிப்போய் மருமகன் கை பட்டதும், "மகளே, முதுகப் பாரு, முதுகப் பாரு" என்று ஜெயித்த குரலில் கூப்பிடுவார். இதில் ஒரு நன்மையும் இருந்தது. எது நடிப்புச் சாய்வு, எது நிஜச் சாய்வு என்று கிரேனுக்குப் பிடிபடத் தொடங்கியது. நிஜமாகச் சாய்கிறவர் மூச்சை அடக்குவார், நடிக்கிறவர் ஓரக்கண்ணால் பார்ப்பார். நிஜத்துக்குக் கை போனது, நடிப்புக்குப் போகவில்லை. பருவ முடிவு வருவதற்குள், பக்கத்தில் ஆள் நின்றால் மாமனார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து ஜன்னல்வரை போய் வந்தார். தனியாக ஓர் அடிகூட வைக்க மாட்டார். பேச்சு வார்த்தையும் இன்னும் சுவர் வழியாகத்தான்.

இரண்டாவது தேர்வு நாளன்று கிரேனுக்குக் கிடைத்தவர் பேக்கரி நடத்தும் ஓர் அம்மாள். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து முந்தின நாள்தான் காலை ஊன்றியிருந்தார். நல்ல கனமான தேகம், அதற்கு மேல் கறுப்பு ஸ்வெட்டர். அந்தக் கறுப்பைப் பார்த்ததுமே கிரேன் தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். மேடமும் வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அம்மாள் ஒருமுறை முயன்றார். நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பி, பொத்தென்று உட்கார்ந்தார். பயத்தில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கிரேனைக் கிட்டே வரச் சொல்லி, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒரு கை போட்டுத் தூக்கி விட்டுரு. நீயும் பாஸாகிக்கோ, நானும் நின்னுக்கிறேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பத்து விரலும் பரபரத்தன. அந்த அம்மாளைத் தூக்குவது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. மாமனாரின் வற்றிய தொடை நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பக்கத்துலதான் இருக்கேன்மா, விழ விட மாட்டேன். ஆனா தூக்க மாட்டேன்."

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கிரேன் அவசரப்படாமல், பேக்கரியில் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டார். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. எப்படி எடுப்பார்கள், மூக்கு சுடுகிற அளவுக்கு முன்னால் குனிந்து, காலை அழுத்தித்தான் எடுக்க வேண்டும் என்று சிடுசிடுத்தார். அப்படியென்றால் அந்தத் தட்டு இப்போது உங்கள் கால்விரலுக்கு நேரே இருக்கிறது என்றார் கிரேன். கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு குனிந்து எடுங்கள், மற்றது தானாக வரும் என்றார்.

அந்த அம்மாள் குனிந்தார். மூக்கு கால்விரலுக்கு நேரே வந்தது. பின்பக்கம் நாற்காலியை விட்டு எழும்பியது. பாதியில் ஒரு பக்கம் சாய்ந்தார். கிரேன் கை முதுகுவரை போய், ஒரு விரல்கடை இடைவெளியில் நின்றது. அந்த அம்மாள் மூச்சை அடக்கவில்லை, விட்டுக்கொண்டுதான் இருந்தார். கிரேன் தொடவில்லை. அந்த அம்மாள் தானாக நிமிர்ந்து, வாக்கரைப் பிடித்து நின்று, தன் காலைத் தானே குனிந்து பார்த்தார். கிரேன் அவர் காலைப் பார்க்காமல் கறுப்பு ஸ்வெட்டரின் முதுகைப் பார்த்தார். பவுடர் இல்லை என்று தெரிந்தும் பார்த்தார். வெளியே வந்தபோது மேடம் கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார். பாஸ்.

மத்தியான வெயிலில், பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தார். துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு அம்மாள் கதவைச் சாத்திவிட்டுத் தன் வீட்டுச் சமையலைக் கவனிக்கப் போயிருந்தார். உள்ளே மாமனார் மட்டும் இருந்தார். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து கைப்பிடியால் திறக்கிற கதவு அது. கிரேன் பூட்டில் சாவியை நுழைத்தார். உள்ளேயிருந்து யாரது என்று குரல் வந்தது. வந்தது யாரென்று சுவரிடமா கேட்க முடியும், நேரடியாகத்தானே கேட்டாக வேண்டும்!

"நான்தான் மாமா."

திறந்துகொண்டு வர வேண்டியதுதானே என்றார் மாமனார். சாவி பூட்டுக்குள் இருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் போதும். அப்போது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சாவி இல்ல மாமா."

அப்படியானால் அவள் வரும்வரை வாசலிலேயே இருக்கச் சொல்லிப் பதில் வந்தது. அவள் வர சாயங்காலம் ஆகும், வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றார் கிரேன். அப்புறம் நாற்காலி கிறீச்சிட்டது. தொப்பென்று ஒரு சத்தம். எழ முயன்று உட்கார்ந்துவிட்டாரா, விழுந்தேவிட்டாரா? விரல்கள் சாவியை இறுக்கிப் பிடித்தன. மறுபடி நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்திருக்கிறார், விழவில்லை. வாக்கரின் நான்கு காலும் தரையில் படும் ஓசை கேட்டது. டக்.

"ஒண்ணாவது மாடி" என்றார் உள்ளே மாமனார். மூச்சு வாங்கியது.

டக். இரண்டாவது மாடி. டக். மூன்றாவது. நான்காவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. கிரேன் கதவில் காதை வைத்தார். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று தேடினார். மாமா, மாமா என்று கூப்பிட்டார்.

"பேச்சுக் குடுக்காதீங்க, மாடி விட்டுப் போகுது."

இவர் வாயை மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று வடிந்ததைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை, கை சாவியில் இருந்தது. உள்ளே கட்டடம் வளர்ந்துகொண்டே போனது. அவர் வேலை பார்த்த கட்டடத்திலேயே இத்தனை மாடி இருந்திருக்காது. கடைசியில் கதவுக்கு அந்தப் பக்கம் கைப்பிடியைத் தேடும் சத்தம் கேட்டு, கதவு திறந்தது.

மாமனார் நின்றுகொண்டிருந்தார். மத்தியானப் பயிற்சிக்காகக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பித்தளைப் பொத்தானெல்லாம் போட்டிருந்தது. முகத்தில் வியர்வை ஓடியது. முட்டி இரண்டும் நடுங்கின. கிரேன் கைகள் தாமாக நீண்டன.

"கையைக் கீழ போடுங்க மாப்பிள."

கிரேன் கீழே போட்டார். மாமனார் வாக்கரை நகர்த்தி நகர்த்தி, நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டினார். நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கறுப்புக் கோட்டில் ஒரு தூசு இல்லை. தேர்வு என்ன ஆனது என்று மாமனார் முதுகைக் காட்டியபடியே கேட்டார். பாஸ் என்றார் இவர். அது எனக்குத் தெரியும் என்பதைப் போல மாமனார் தலையாட்டினார்.

மறுபடி மெதுவாகத் திரும்பியவர் கண்ணில் அப்போதுதான் கதவு பட்டது. வெளிப்பக்கத்துப் பூட்டில் சாவி செருகியிருந்தது. வளையம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மாமனார் சாவியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார். பெரிய திட்டு ஒன்று வரப்போகிறது என்று கிரேன் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டிச் சாவியை உருவினார். கோட்டுப் பைக்குள் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"இது இனிமே என்கிட்டயே இருக்கட்டும். நீங்க வந்தா பெல் அடிங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கிரேனுக்குச் சாவி கிடையாது.